மூன்று வருஷம், ஒரு மொத்தத் தொகை: திண்டுக்கல் வட்டாரப் பஞ்சு மில்களும் இளையோர் நலனும் (நிகழ்வு ஆய்வு)

மில்லுக்கு ஆள் சேர்க்க வரும் புரோக்கர் பெரும்பாலும் வெளியாள் இல்லை. அதே தெருவில் இருக்கும் ஒரு அக்காவோ, முன்பு அதே மில்லில் வேலை பார்த்தவரோதான். அவர் கையில் கொண்டுவரும் நோட்டீஸில் மூன்று விஷயங்கள் இருக்கும்: மூன்று வருஷ வேலை, சாப்பாட்டோடு விடுதி, முடிவில் மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய். திட்டத்தின் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடும். 'சுமங்கலித் திட்டம்' என்றும் 'திருமண உதவித் திட்டம்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஊரில் இதற்கு 'கேம்ப் கூலி' என்று பெயர்.

1990-களின் பிற்பகுதியில் கோவை, திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர், விருதுநகர் மாவட்ட நூற்பாலைகளில் பரவிய இந்த முறை இன்று அதே பெயரில் வெளிப்படையாக இல்லை. ஆனாலும் குடும்பம், வேலை, சமூகம் மூன்றும் ஓர் இளம்பெண்ணின் உடம்பையும் மனதையும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு தமிழ்நாட்டில் கிடைக்காது. அவள் அண்ணனும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறான். அவனை யாரும் எண்ணுவதில்லை என்பதால் அவனைப் பற்றியும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

ஏன் பெண்கள், ஏன் மூன்று வருஷம்

கோவை மில்களில் ஒரு தலைமுறை முன்பு வரை வேலை பார்த்தவர்கள் நிரந்தர ஆண் தொழிலாளர்கள். சங்கம் இருந்தது, போனஸ் பேச்சுவார்த்தை இருந்தது. பழைய மில்கள் நலிந்து மூடப்பட, புதிய மில்கள் ஊருக்கு வெளியே, வேடசந்தூர் போன்ற வறண்ட வட்டாரங்களில் எழுந்தன. 1999-இல் வந்த ஒன்றிய அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் புதிய இயந்திரங்களுக்குக் கடனை எளிதாக்கியது. 2005 ஜனவரி 1 அன்று உலக ஜவுளி வர்த்தகத்தில் ஏற்றுமதிக்கு வரம்பு வைத்திருந்த கோட்டா முறை முடிந்ததும் ஏற்றுமதி ஆர்டர் பெருகியது. இரவும் பகலும் ஓடும் இயந்திரத்துக்கு, சங்கத்தில் சேராத, கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற ஆள் தேவைப்பட்டது. விடுதியில் இருக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பெண் அந்தத் தேவைக்கு அப்படியே பொருந்தினாள்.

மூன்று வருஷம் என்பதற்கும் காரணம் உண்டு. பயிற்சி பெறுபவர் என்று பெயர் எழுதி வைத்தால் குறைந்தபட்சக் கூலியிலிருந்து தப்பலாம் என்று நிர்வாகங்கள் நினைத்தன. அப்போதிருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஐந்து வருஷம் முடித்தால்தான் பணிக்கொடை. மூன்று வருஷத்தில் அனுப்பிவிட்டால் அந்தப் பொறுப்பும் இல்லை. பெண் வீட்டுக்கும் மூன்று வருஷம் சரியாக வரும். பத்தாவது முடித்தோ பாதியில் நின்றோ போகிற பெண், கல்யாண வயதில் கையில் பணத்தோடு திரும்புவாள். மில்லின் வசதியும் வீட்டின் கவலையும் ஒரே நாட்காட்டியில் வந்து உட்கார்ந்தன. இந்த முறை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு இதுதான் முதல் காரணம்.

மொத்தத் தொகையின் கணக்கு

உருண்டை எண்களை வைத்துப் பார்ப்போம். சட்டப்படியான நாள் கூலி 300 ரூபாய் என்றும், மில் கொடுப்பது 200 என்றும் கொள்வோம். குறைவு 100 ரூபாய். மாதம் 26 நாள், 36 மாதம் என்றால் 93,600 ரூபாய். முடிவில் 'அன்பளிப்பாக' வருவது 50,000. அதாவது பெண்ணின் சொந்தக் கூலியிலிருந்து பிடித்ததில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் அவளுக்கே திருப்பித் தருகிறார்கள்.

ஓவர்டைமையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேர ஷிப்ட் முடிந்து இன்னும் நாலு மணி நேரம் நின்றால் அது 'ஒன்றரை ஷிப்ட்'. சட்டம் அந்த நாலு மணி நேரத்துக்கு இரட்டைக் கூலி கேட்கிறது. 300 ரூபாய் கணக்கில் அது 300. மில் கொடுப்பது அரை நாள் கூலியான 100. மாதம் பத்து நாள் இப்படி நின்றால் மூன்று வருஷத்தில் இன்னொரு 72,000 போய்விடும்.

சட்டத்தில் ஓட்டை இருந்ததால் இது நடந்தது என்று சொல்ல முடியாது. அப்போதிருந்த 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டப்படி கூலிக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது; ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலையில் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும், அதற்கு மேற்பட்ட ஆலையில் 10-ஆம் தேதிக்குள்ளும் கொடுத்துவிட வேண்டியிருந்தது. கூலியில் ஒரு பகுதியை மூன்று வருஷம் பிடித்துவைக்கச் சட்டத்தில் எந்த இடமும் இருக்கவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பணத்தில் ஏற்படும் இழப்பைவிட மோசமானது, பிடித்துவைத்த பணம் பெண்ணின் வாயை அடைத்துவிடுவது. இடையில் நின்றால் மொத்தத் தொகை இல்லை. லீவு போட்ட நாள்களைக் கடைசியில் ஈடுகட்ட வேண்டும். காய்ச்சலா, மேற்பார்வையாளர் தன் மேல் கை வைத்தாரா, எதுவானாலும் புகார் சொன்னால் இரண்டு வருஷ உழைப்பு போய்விடுமோ என்ற பயம் முந்திக்கொள்ளும். வீட்டுக்குப் போன் செய்தால் அம்மாவும் அதைத்தான் சொல்வார்: "இன்னும் எட்டு மாசந்தான ஆத்தா, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துரு." அந்த அம்மாவுக்கு மகள் மேல் பாசமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. எட்டு மாதம் கழித்து வரும் தொகையை நம்பி ஏற்கெனவே வாங்கிய கடனுக்கு அவர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

ரிங் ஃப்ரேம் பக்கத்தில்

பஞ்சு மில்லில் வேலை புளோ ரூமில் தொடங்கி, கார்டிங், டிராயிங், சிம்பிளக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று நகரும். இளம்பெண்களில் பெரும்பாலோர் நிற்பது நூல் நூற்கும் ஸ்பின்னிங்கிலும் நூலைச் சுற்றும் கோனிலும். ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும் பெண்ணுக்கு வேலை இதுதான்: ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர்கள் சுழலும் ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு இயந்திரத்துக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். நூல் அறுந்த இடத்தைக் கண்ணால் பிடித்து, கதிரை நிறுத்தி, நூலை இழுத்து ரோலரில் ஒட்டி, விட வேண்டும். சில நொடி வேலைதான். ஆனால் ஷிப்ட் முடியும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு ஷிப்டில் பல கிலோமீட்டர் நடை சேரும். நூல் அடிக்கடி அறுந்தால் கழிவு கூடும், சூப்பர்வைசர் கத்துவார்.

நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரப்பதம் வேண்டும் என்பதால் ஸ்பின்னிங் கூடத்தில் ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதம் வரை வைப்பார்கள். இயந்திரச் சூட்டோடு அது சேரும்போது வியர்வை உலராது. தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போக டோக்கன் வாங்க வேண்டும், சைடைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, தலைவலி, மலச்சிக்கல் மூன்றும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மாதவிலக்கு வலி வந்தால் முதலுதவி அறையில் அட்டையிலிருந்து பிரித்த மாத்திரை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். பெயர் தெரியாத மாத்திரைகள் இப்படிக் கொடுக்கப்படுவது பற்றி 2019-இல் செய்திகள் வந்தன. வலியை அடக்கி நிற்க வைப்பதால் தீர்வது அன்றைய உற்பத்திப் பிரச்சினை மட்டும்தான். மாதக்கணக்கில் விலக்கு தள்ளிப்போவதற்கும் அதிகமாகப் போவதற்கும் காரணமான இரவு ஷிப்ட், எடைக் குறைவு, இரத்தசோகை எல்லாம் அப்படியே இருக்கும்.

இரத்தசோகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது மில்லில் சேரும் நாளிலேயே இருவரில் ஒருவருக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருக்க வாய்ப்பு உண்டு. பள்ளியில் படித்த காலத்தில் வாரம் ஒரு இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் குடற்புழு மாத்திரையும் கிடைத்தன. மில் கேட்டுக்குள் போனதும் அந்தக் கண்ணி அறுந்துவிடுகிறது. விடுதிச் சாப்பாட்டில் சோறு வயிறு நிறையக் கிடைக்கும். பருப்பும் முட்டையும் கீரையும் குறைவு. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இரும்புச் சத்து சேர்வதைக் கெடுக்கும். இரத்தசோகையைச் சரிசெய்யச் செலவு மிகக் குறைவு: சேரும்போது ஒரு ஹீமோகுளோபின் சோதனை, மூன்று மாதம் கழித்து மறுசோதனை, வாரத்தில் நாலு முட்டை, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது. இவ்வளவு மலிவான ஒன்று பெரும்பாலான விடுதிகளில் நடக்கவில்லை என்பதுதான் வேதனை.

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயின் முதல் அறிகுறி வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது. அது முற்றப் பல வருஷம் ஆகும். மூன்று வருஷத்தில் பெண் ஊருக்குப் போய்விடுவதால் நோய் மில்லின் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பின்னாளில் ஊர் ஆஸ்பத்திரியில் அதை 'வீசிங்' என்று எழுதி மருந்து கொடுப்பார்கள்.

உறக்கமும் வாசல் கேட்டும்

பெண்களை இரவு ஷிப்டில் வேலைக்கு வைக்கத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு தடை போட்டிருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பாரபட்சம் என்று நீக்கி, பாதுகாப்பு, போக்குவரத்து உள்ளிட்ட நிபந்தனைகளோடு இரவு வேலையை அனுமதித்தது. தீர்ப்பு நியாயமானது. ஆனால் வளாகத்துக்குள்ளேயே விடுதி இருந்தால் போக்குவரத்து என்ற நிபந்தனைக்கே வேலை இல்லை. விடுதி மில்லின் இன்னொரு அறை ஆகிவிடுகிறது. ஆள் குறைந்தால் வார்டன் வந்து தூங்குகிறவளை எழுப்பலாம். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுவதால் தூக்கம் ஒரு ஒழுங்குக்கு வருவதற்குள் கலைந்துவிடும்.

வேலைப் பளு அதிகமாகவும் அந்த வேலை மேல் தனக்குள்ள அதிகாரம் குறைவாகவும் இருக்கும்போதுதான் மனம் நோய்வாய்ப்படுகிறது என்று 1979-இல் ஆய்வாளர் ராபர்ட் கராசெக் முன்வைத்த கருத்து மில் விடுதிக்கு அப்படியே பொருந்தும். எப்போது தூங்குவது, யாரோடு பேசுவது, எப்போது ஊருக்குப் போவது என்று எதையும் அந்தப் பெண் முடிவு செய்வதில்லை. பெற்றோர் கொடுத்த பட்டியலில் உள்ள எண்ணுக்கு மட்டும், வார்டன் முன்னால், சில நிமிடம் போன். மில் சொல்லும் காரணம் 'பாதுகாப்பு'. பெற்றோர் கேட்பதும் அதே பாதுகாப்புதான்: பெண் காதல் கீதல் என்று போகாமல் இருக்க வேண்டும். கேட்டின் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று நிர்வாகத்திடம், இன்னொன்று வீட்டில். இதைச் சொல்லாமல் மில்லை மட்டும் குற்றம் சொல்கிற எந்த அறிக்கையும் பாதி உண்மைதான்.

இதில் சாதியின் பங்கு பெரியது. வேலைக்கு வரும் பெண்களில் பெரும் பகுதி பட்டியல் சாதிகளையும் மிகவும் பிற்படுத்தப்பட்ட சாதிகளையும் சேர்ந்த, நிலமில்லாத குடும்பத்தவர். மேற்பார்வை செய்யும் ஆண் பெரும்பாலும் வேறு சாதி. ஊரில் இருக்கும் அந்த இடைவெளி ஷிப்டிலும் கூடவே வரும். திட்டுகிற வார்த்தையில் தெரியும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவரை மாதக்கணக்கில் தொந்தரவு செய்துவந்த மேற்பார்வையாளர் அந்த வழக்கில் கைதானார். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013-லிருந்தே இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். காகிதத்தில் குழு இல்லாத ஆலை அரிது. அந்தக் குழு உறுப்பினர் யார் என்று லைனில் நிற்கிற பெண்ணிடம் கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது. எந்த ஆலையிலும் ஐந்தே நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

அண்ணன் பக்கம்

தங்கை மில்லுக்குப் போகும்போது அண்ணனுக்கு இருபது வயது இருக்கும். "தங்கச்சியக் கரையேத்திட்டுத்தான் உனக்கு" என்று வீட்டில் அவனிடம் சொல்லிவிடுவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலோ போர்வெல் லாரியிலோ கேரளாவில் கட்டட வேலையிலோ அவன் நிற்பான். அவனுக்கு விடுதியும் இல்லை, கேட்டும் இல்லை. ஏழெட்டுப் பேர் சேர்ந்து எடுத்த அறை, ஓட்டல் சாப்பாடு, சனிக்கிழமை சம்பளம். கையில் பணம் வரும் அதே இரவில் டாஸ்மாக்கும் திறந்திருக்கும். 2003-லிருந்து சில்லறை மது விற்பனை அரசின் கையில் இருக்கும் மாநிலத்தில் இளம் உழைப்பாளியின் மனச்சோர்வுக்கு எளிதாகக் கிடைக்கும் மருந்து அதுதான். தங்கையின் உடம்பைப் பற்றி அறிக்கைகளாவது வந்தன. இவன் தூக்கம், இவன் கடன், இவன் ஏமாற்றம் எதையும் யாரும் கேட்டதில்லை. அழுதால் 'பொட்டப்புள்ள மாதிரி' என்பார்கள்.

லைனில் நிற்கும் சூப்பர்வைசரும் பல நேரம் இருபத்தைந்து வயதுப் பையன்தான். டிப்ளமா முடித்து, மணிக்கு இத்தனை பீஸ் என்ற இலக்கை மேலிருந்து வாங்கிக் கீழே இறக்குகிறான். இலக்கு தவறினால் அவனுக்கும் திட்டு. இதனால் அவன் செய்வது சரியாகிவிடாது. ஆனால் இலக்கைத் தொடாமல் அவனுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்துவிட்டுப் போனால் மறுநாள் அதே கத்தல் தொடரும்.

மாறியவை

2010-க்குப் பிறகு வெளிநாட்டு அமைப்புகளின் அறிக்கைகளாலும் உள்ளூர்ச் சங்கங்களின் வழக்குகளாலும் துணி வாங்கும் நிறுவனங்கள் கேள்வி கேட்கத் தொடங்கின. 'சுமங்கலி' என்ற பெயர் நோட்டீஸிலிருந்து மறைந்தது. பல மில்கள் விடுதியைக் குறைத்து, சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் பஸ் விட்டுப் பெண்களை அழைத்துவரத் தொடங்கின. சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. 2014-இல் வந்த பெண்கள், குழந்தைகள் விடுதி ஒழுங்குமுறைச் சட்டம் விடுதிக்குப் பதிவையும் உரிமத்தையும் கட்டாயமாக்கியது.

அரசின் உதவித்தொகை திசை மாறியது இன்னும் ஆழமான மாற்றம். 1989-இல் 5,000 ரூபாயோடு தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 2011-இல் தாலிக்குத் தங்கமும் சேர்த்து வளர்ந்தது. நல்ல நோக்கம்தான், ஆனாலும் பெண்ணுக்கான பணம் கல்யாணத்தன்று வரும் என்ற எண்ணத்தை அதுவும் உறுதிப்படுத்தியது. 2022-இல் அதே திட்டம் 'புதுமைப் பெண்' ஆனது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரில் உள்ள கணக்கில். 2024-இல் பையன்களுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. ஆயிரம் ரூபாய் மில் கூலிக்கு ஈடாகாது. ஆனால் கடைசியில் மொத்தமாக அப்பா கையில் வருவதற்கும் மாதா மாதம் அவள் கணக்கில் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை மில் பார்த்த குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இந்த நிகழ்வில் தனி இடம் பெறுகிறது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும், ஆடை தயாரிக்கும் நிறுவனமும், துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளும் இதில் தரப்பினர். லைனில் வேலை பார்க்கும் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்கள் ஆக்கினார்கள். கெட்ட வார்த்தை, உரசல், சாதிப் பேச்சு, கட்டாய ஓவர்டைம் எதுவானாலும் அன்றே அவர்களிடம் சொல்ல முடிந்தது. நிர்வாகம் தீர்க்காவிட்டால் பிராண்டின் ஆர்டரையே அது பாதிக்கும் என்ற நிலை இருந்தது. இது வேலை செய்ததற்குக் காரணம், சின்ன விஷயத்தைச் சின்னதாக இருக்கும்போதே பேச முடிந்ததுதான். 'ஏய்' என்று கூப்பிடுவதைக் கேள்வி கேட்க முடிந்த லைனில் கை நீளத் தயங்கும்.

வேலைக்கு அனுப்பும் வீடு பார்க்க வேண்டியவை

முதலில் ஆதாரில் உள்ள பிறந்த தேதியையும் மில்லில் கொடுத்த தேதியையும் ஒப்பிட வேண்டும். பெண்ணை வேலையில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்வது இந்த வட்டாரத்தில் பழகிப்போன தவறு. மூன்று வருஷம் கழித்து வருங்கால வைப்பு நிதியை எடுக்கப் படிவம் 19-ம் 10சி-யும் போடும்போது தேதி ஒத்துவராது, பணம் நின்றுவிடும். ஆதாரோடு இணைத்துச் சரிபார்க்காத கணக்கு என்றால் திருத்த மில் நிர்வாகத்தின் கையொப்பம் வேண்டும். மில்லோடு சண்டை போட்டு வந்த பெண்ணுக்கு அது கிடைப்பது கஷ்டம்.

சேர்ந்த முதல் மாதமே சம்பளச் சீட்டும் யூஏஎன் (வருங்கால வைப்பு நிதி) எண்ணும் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண்ணும் வாங்கிவிட வேண்டும். இஎஸ்ஐ-க்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், மில் 3.25 சதவீதம் கட்டும். பிடித்தம் இருந்தும் அட்டை கொடுக்காத இடங்கள் உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால், அதற்குரிய பயன் காலத்தில் வரும் நோய்க்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை பெறலாம். இது தெரிந்திருந்தால் காய்ச்சலோடு ரிங் ஃப்ரேமில் நிற்க வேண்டியதில்லை. வங்கிக் கணக்கின் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் பெண்ணிடமே இருக்க வேண்டும். வார்டனிடம் இருந்தால் கணக்கு அவள் பெயரில் இருப்பதில் பயனில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர் ஒரு வருஷம் முடித்தாலே பணிக்கொடை கேட்கலாம். மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுக்கும் மில்லிடம் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.

மன உளைச்சல் என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெண்களுக்கு 181, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 1098. இந்த எண்களைத் தங்கையிடம் கொடுக்கும்போது அண்ணனுக்கும் 14416-ஐ எழுதிக் கொடுக்கலாம்.

இப்போது விடுதியில் இருப்பவர்கள்

பஸ் வந்தபின் உள்ளூர்ப் பெண்கள் காலி செய்த விடுதி அறைகளில் இன்று ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் பெண்கள் தங்கியிருக்கிறார்கள். ஊருக்குப் போக ரயிலில் இரண்டு நாள். புரோக்கர், கேட், வார்டன் முன்னால் போன் எல்லாம் திரும்ப அதே வரிசையில் நிற்கின்றன. மொழி மட்டும் வேறு. பல இடங்களில் புகார் எண்கள் எழுதிய பலகை தமிழில், அலுவலக வாசலுக்கு எதிரே, கேமராவுக்குக் கீழே மாட்டியிருக்கிறது. அதே எண்களை ஒடியாவிலும் இந்தியிலும் அச்சிட்டுக் கழிவறைக் கதவுகளின் உட்பக்கம் ஒட்ட வேண்டும். விடுதியில் ஒரு பெண் தனியாக நின்று படிக்க முடிகிற இடம் அது ஒன்றுதான்.